இல்ல புத்தி

1

கடல் தாண்டிப் போனவர்கள் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஊருக்கு எழுதுகிறார்கள். எழுதுவதற்கு அவர்களுக்குக் கப்பல் இருக்கிறது, புயல் இருக்கிறது. நான் தாண்டியது ஜாலார்பேட்டை ஜங்ஷன் ஒன்றைத்தான். ஆரணியில் கட்டிக் கொடுத்த புளிச்சோறு ஊசிப்போவதற்குள் பெங்களூர் வந்துவிடுகிறது. இதெல்லாம் ஒரு பரதேசமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் முதல் ஒரு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் என் அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. என் மகள் கமலத்தைப் பார்க்க வேலூரிலிருந்து வந்து போனார்களே, அந்த இடத்தைப் பற்றி. பையனின் தாயார் கமலத்திடம், "சமையல் எல்லாம் தெரியுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். கமலம் பதினைந்து வயதுப் பெண், நாலு வயதிலிருந்தே கன்னடத்தில் விளையாடி வளர்ந்தவள், பதற்றத்தில், "சாரு, ஹுளி எல்லாம் நானே மாடுவேன்" என்று சொல்லிவிட்டது. சாரு நம் ரசம், ஹுளி சாம்பார். 'மாடு' என்றால் கன்னடத்தில் 'செய்'. அதற்கு நம் தமிழ் வாலை ஒட்டி 'மாடுவேன்' என்றால் இந்த ஊர்த் தமிழ்க் குழந்தைகள் எல்லோருக்கும் புரியும். வேலூர் அம்மாளுக்கு மாடு மட்டும்தான் புரிந்தது.

அண்ணன் எழுதுகிறார்: "இடம் கை நழுவிப் போகும் போல இருக்கிறது. பெண்ணுக்குத் தமிழே நாக்கில் நிற்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் புத்தி சொல்லி வைக்கவும்."

அந்தக் கடைசி வரியை நான் நாலைந்து தரம் படித்தேன். கமலத்துக்கு நான் புத்தி சொல்வதாம். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான் என்பது அண்ணனுக்குத் தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது. மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவாக இருந்தவன் எப்படி நகல் குமாஸ்தாவானான் என்று கேட்டவர்களிடமெல்லாம், கண் வலி, டாக்டர் சொன்னார் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

2

பிளேக் வந்து போன மறுவருஷம் இங்கே வந்தேன். பெங்களூர் ஒரு ஊர் இல்லை, இரண்டு. பேட்டை மைசூர் மகாராஜாவுடையது, அங்கே கன்னடம். தண்டு என்று சொல்லுகிற கண்டோன்மென்ட் வெள்ளைக்காரனுடையது, அங்கே பட்டாளமும் நம் தமிழர்களும். பேட்டையிலிருந்து தண்டுக்கு வர அப்போதெல்லாம் உடம்பில் காய்ச்சல் இல்லை என்று சீட்டு வேண்டும். சீட்டு வாங்க வரிசையில் நின்றே காய்ச்சல் வந்தவர்கள் உண்டு. நான் தண்டைச் சேர்ந்த அல்சூரில் குடியிருந்தேன். பக்கத்திலேயே ஒரு மாஜிஸ்திரேட்டின் கச்சேரியில் வேலை.

அங்கே வருகிற வழக்கெல்லாம் பெரும்பாலும் தமிழும் இந்துஸ்தானியும்தான். சுற்றுப்பட்டு கிராமத்துக் குடியானவன் யாராவது அகப்பட்டுக்கொண்டால் மட்டும் கன்னடம் வேண்டும். அதற்கென்று இருந்த குமாஸ்தாவைப் பிளேக் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்துக்குத்தான் விண்ணப்பம் போட்டேன். "கன்னடம் எழுதவும் படிக்கவும் பேசவும் வரும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுத வரும். படிக்க வரும். ஆறு மாதம் இலக்கணப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தேன். பேசுவது என்ன பெரிய காரியம், பேட்டைக்காரனெல்லாம் பேசவில்லையா என்ற எண்ணம்.

அந்த எண்ணத்துக்கு வீட்டிலேயே அடி விழுந்தது, நான்தான் உணரவில்லை. வந்த புதிதில் என் மனைவி அலமேலு ஊர் ஞாபகத்தில் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு நஞ்சம்மா வந்து, "பாப, பாப" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கன்னடத்தில் 'ஐயோ பாவம்' என்பதற்கு 'பாப' என்பார்கள். அலமேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவை எடுத்துவந்து நஞ்சம்மா கையில் கொடுத்துவிட்டாள். பிள்ளையில்லாத நஞ்சம்மா அன்றைக்கு வாங்கிய கமலத்தைத் திருப்பிக் கொடுத்ததாகவே எனக்கு நினைவில்லை. குழந்தைக்கு அவள் மடியில் கன்னடம் வந்தது. எனக்குப் புத்தகத்தில் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

3

ஒரு திங்கட்கிழமை போலீஸார் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சந்தாபுராவுக்குப் பக்கத்துக் கிராமம், பெயர் சிக்கண்ணா, வயது முப்பதுக்குள். பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். தண்டுக்குள் வந்ததும் வண்டி மாடு ஒன்று நடுச் சாலையில் விழுந்து செத்துவிட்டது. செத்த மாட்டை இழுத்துப்போய்விட்டார்கள். உயிரோடிருந்த ஜோடி மாட்டைக் கொண்டித் தொட்டிக்கு, அதாவது கேட்பாரற்ற மாடுகளை அடைக்கிற பட்டிக்கு, ஓட்டிப்போய்விட்டார்கள். வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். இவன் மட்டும் மாடு விழுந்த இடத்தை விட்டு நகரவில்லை. மூன்று நாள். பட்டாளம் நடக்கிற சாலையில், கையில் ஒரு மூக்கணாங்கயிற்றை வைத்துக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறான். விரட்டினால் நாலடி போய்த் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருகிறான். போலீஸ் காகிதத்தில், "சாலைக்கு இடையூறு. சித்த சுவாதீனம் சந்தேகம்" என்று இருந்தது.

மாஜிஸ்திரேட் துரை நல்ல மனிதர். அடிக்கவோ அதட்டவோ இல்லை. என்னைப் பார்த்து, அவனுக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். நான் புத்தகக் கன்னடத்தில் கேட்டேன். அவன் குனிந்து கைகட்டி நின்றபடி சொன்னான்:

"நங்கேனூ இல்ல புத்தி."

இதை நீங்களே படித்துப் பாருங்கள். தமிழ்க் காதில் எப்படி விழுகிறது? எனக்கும் அப்படியே விழுந்தது. எனக்கு ஏதும் இல்லை புத்தி. நான் இங்கிலீஷில் சொன்னேன்: 'எனக்குச் சென்ஸ் என்பதே கிடையாது என்கிறான்.'

துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்கச் சொன்னார். "இல்ல புத்தி." இது என்ன இடம் என்று தெரியுமா? "கொத்தில்ல புத்தி." கொத்தில்ல என்றால் தெரியாது. புத்தி என்றால் என்ன என்றே தெரியாதாம் இவனுக்கு, என்று நான் மனதுக்குள் நினைத்தேன். ஒவ்வொரு பதிலிலும் அவனே தன்னைப் பைத்தியம் என்று ஒப்புக்கொள்கிறான். இதைவிடச் சுலபமான வழக்கு எனக்கு வந்ததில்லை.

அப்போது துரை என்னிடம் ஒன்று கேட்டார். பத்து வருஷமாக என் காதை விட்டுப் போகாத கேள்வி அது. "சென்ஸ் என்கிறாயே, அறிவைச் சொல்கிறானா, உணர்ச்சியைச் சொல்கிறானா?"

அந்த நிமிஷம் நான் அவனைத் திரும்பக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் சந்தேகம் கேட்பவனுக்குக் கன்னடம் வராது என்று துரை நினைத்துவிடுவாரே. "இரண்டையும்தான்" என்றேன்.

பதினாலு நாள் ஆஸ்பத்திரியில் பூட்டின வார்டில் வைத்துப் பார்க்க உத்தரவாயிற்று. அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் பைத்தியக்கார விடுதிக்கு. அங்கே போனவர்கள் திரும்பி வந்த கதையை நான் அதிகம் கேட்டதில்லை. சிக்கண்ணா என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். நான் மேஜையில் இருந்த அடுத்த காகிதத்தை எடுத்தேன்.

4

நம்மிடம் புத்திக்கு எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள். புத்தி சொல்கிறோம். புத்தி வருகிறது, போகிறது, கெடுகிறது, மழுங்குகிறது. செருப்படி பட்டவன் புத்தி வந்தது என்கிறான். பதவிக்கு முன்னால் பல்லிளிப்பவனைப் புத்திசாலி என்கிறோம். சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை என்று என் அப்பா என்னைத் திட்டுவார். மொழிபெயர்க்கிறவனுக்குச் சொல்புத்திதான் சோறு போடுகிறது என்று நான் அவருக்கு ஒரு கடிதத்தில் பெருமையடித்துக்கொண்டது கூட உண்டு.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். கச்சேரியிலிருந்து வந்து கால் கழுவினேன். கூடத்தில் பால் கொட்டியிருந்தது. அப்போது ஐந்து வயசு கமலத்துக்கு. "யாரு கொட்டினது?" என்றேன். அது என் முன்னால் வந்து, இடுப்பை வளைத்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு சொல்லிற்று:

"நானல்ல புத்தி. இல்ல புத்தி."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாரப் பாத்துப் புத்தி இல்லேங்கற?" என்று கையை ஓங்கினேன். நஞ்சம்மா குறுக்கே வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டாள். "பைதில்ல ஸ்வாமி" என்றாள். திட்டவில்லை என்று அர்த்தம். பிறகு எனக்குப் புரியாதோ என்று அரைத்தமிழில் சொன்னாள்: "அது மரியாதெ. நிம்மன்னே புத்தி அந்திதாளெ. உங்களத்தான் புத்தின்னு கூப்புடுது. எங்க தாய் ஊர்ல குடியானவங்க ஊர்த் தலைவரு பட்டேலரப் பாத்து அப்படித்தான் பேசுவாங்க. ஐயா, எஜமான், புத்தி. எல்லாம் ஒண்ணே. நான்தான் வெளயாட்டுக்குக் கத்துக் குடுத்தேன்."

ஓங்கின கை அப்படியே நின்றது. அலமேலு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாங்க, மூஞ்சி இப்படி ஆயிடுச்சி?" என்றாள்.

நங்கேனூ இல்ல புத்தி. எனக்கு ஒன்றும் இல்லை, ஐயா. நான் நன்றாக இருக்கிறேன், ஐயா. அவன் சொன்னது இவ்வளவுதான்.

எதிரே நிற்கிறவனையே புத்தி என்று கூப்பிடுகிற வழக்கத்தை எவன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. தன் தலையில் இருப்பதைக் கழற்றி எஜமான் தலையில் வைத்துவிட்டுக் கும்பிட வேண்டும். யோசிப்பது அவர் வேலை, இவனுக்கு நிற்பதும் நடப்பதும்தான். தலைமுறை தலைமுறையாக இதைப் பழக்கிவிட்டு, ஒரு நாள் அவனைக் கூண்டில் ஏற்றி, உனக்குப் புத்தி உண்டா என்று கேட்கிறோம். கேட்டவர் துரை. பதில் சொன்னவன் அவனில்லை, நான்.

அலமேலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்புக்கொண்டால் பொய் விண்ணப்பம் கொடுத்தவனாகிறேன், வேலை போகும், ஆரணிக்குத் திரும்பினால் அண்ணன் வீட்டில்தான் போய் நிற்க வேண்டும் என்பதையும் சொன்னேன். பெண்புத்தி பின்புத்தி என்று நாம் கேலி பண்ணுகிறோமே, அவளுக்கு முதலில் தோன்றியது எனக்குப் பதினோரு நாளாகத் தோன்றவே இல்லை.

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்குதா?" என்றாள்.

"தெரியாது."

"கேக்கலியா?"

கேட்கவில்லை. பெயர், ஊர், வயது, சென்ஸ். இவ்வளவுதான் படிவத்தில் இருந்தது.

5

சனிக்கிழமை காலையில் சிரஸ்தாரிடம் போனேன். கச்சேரியில் துரைக்கு அடுத்தபடி அவர்தான், தஞ்சாவூர்க்காரர், எனக்கு இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவர். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "திங்கக்கெழமை கெடு முடியறது. டாக்டர் எழுதப் போறார், துரை கையெழுத்துப் போடப் போறார். இதுல நீ எங்கப்பா வரே?" என்றார். "ரிக்கார்டைத் திருத்தினா அது உன் தப்பு மட்டும் இல்லை. நீ தர்ஜமா பண்ணின பழைய கேஸெல்லாம் கிளம்பும். குழந்தை குட்டிக்காரன். புத்தியா இரு."

அவரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். பேசாமல் இருப்பதற்கும் நம்மிடம் அதுதான் பெயர். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று முழுவதும் புத்தியாகத்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் சீட்டு கேட்டார்கள். சீட்டு கச்சேரியில் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி கிடையாது. எங்கள் தெருவில் குடியிருந்த கம்பவுண்டர் சாலமன் மாதா கோயில் பூசை முடிந்து வேலைக்கு வருகிறவரைக்கும் வெயிலில் நின்றேன். அவர்தான் என்னைப் பின்பக்கமாக அழைத்துப்போனார்.

"நல்லவன் சார்" என்றார் போகும்போது. "ஒரு தொந்தரவு கெடையாது. ஆனா எத கேட்டாலும் இல்ல புத்தி, இல்ல புத்தின்றான். அவனே ஒத்துக்கும்போது டாக்டர் இன்னா பண்ணுவாரு? ரெண்டு வித சென்ஸும் இல்லேன்னு கோர்ட்டு காயிதத்துல வேற இருந்துச்சா, உள்ளங்கால்ல ஊசி குத்திப் பாத்தாங்க. வெடுக்குன்னு இழுத்துக்கினான். சரி, உணர்ச்சி இருக்குது, அறிவுதான் இல்லேன்னு எழுதிட்டாங்க."

அந்த ஊசி என் வாயிலிருந்து வந்த 'இரண்டையும்தான்'.

சிக்கண்ணா கம்பிக் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து கை கட்டினான். ஆள் பாதியாகியிருந்தான். புத்தகத்தை மறந்துவிட்டு, நஞ்சம்மா பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ஏன் அந்தச் சாலையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாய்?

"இல்லே இரு அந்த்ரு, இத்தெ புத்தி."

இங்கேயே இரு என்றார்கள், இருந்தேன் ஐயா. மாடு விழுந்ததும் ஒரு போலீஸ்காரர் வந்து, ஆள் கூட்டிவருகிறேன், இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் திரும்பி வரவே இல்லை. வேறு ஆட்கள் வந்தார்கள், மாட்டை இழுத்தார்கள், இவனை விரட்டினார்கள். ஆனால் இருக்கச் சொன்ன ஆள் வந்து போ என்று சொல்லவில்லை. சர்க்கார் வார்த்தை. அதனால் இருந்தான். அந்தச் சாலையில் அன்றைக்கு ஒழுங்காகச் சொன்னபடி நடந்துகொண்ட ஒரே ஆள் அவன்தான் போலிருக்கிறது.

பெண்சாதி இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கிறாள், கைக்குழந்தை ஒன்று. அவன் இங்கே இருப்பது வீட்டில் தெரியுமா? "கொத்தில்ல புத்தி." பிளேக்கில் போய்ச் சேர்ந்தான் என்று இந்நேரம் அழுதுகொண்டிருப்பார்கள். அதை அவன் சொல்லவில்லை. நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன், பதின்மூன்று நாளில் முதல் தடவையாக யாரோ அவனிடம் புரிகிற மாதிரி பேசியதால் இருக்கலாம், கம்பிக்குப் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்:

"எத்து நீரு குடீத்தா புத்தி?"

எருது தண்ணீர் குடித்ததா என்று கேட்கிறான். கொண்டித் தொட்டியில் இருக்கிற மற்ற மாட்டை. ஜோடி செத்த துக்கத்தில் அது தண்ணீர் குடிக்காமல் இருக்குமோ என்று அவனுக்குக் கவலை. குடித்தது என்றேன். நான் அதைப் பார்க்கவில்லை.

6

திங்கட்கிழமை கச்சேரி கூடியதும் எழுதிக் கொண்டுபோன காகிதத்தை நீட்டினேன். சிரஸ்தார் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். டாக்டரின் சர்டிபிகேட் துரையின் மேஜையில் தயாராக இருந்தது. துரை என் காகிதத்தைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். நான் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"புத்தி என்றால் என்ன?"

"சென்ஸ்."

"அப்படியானால் நீ முதலில் சொன்னது சரிதானே?"

"அவன் சொன்ன இடத்தில் அதற்குத் தங்களைத்தான் பொருள்."

"என்னையா?"

"தங்களை. ஐயா, எஜமான் என்கிற மாதிரி."

துரை முகத்தில் சிரிப்பு வருமோ கோபம் வருமோ என்று தெரியவில்லை. இரண்டும் வரவில்லை. "இரண்டையும்தான் என்று சொன்னாயே" என்றார். மறக்கவில்லை மனிதர். "அன்றைக்கு நீ அவனை ஏன் திரும்பக் கேட்கவில்லை?"

"எனக்குக் கன்னடம் வராது என்று தாங்கள் நினைத்துவிடுவீர்கள் என்று பயம்."

அவர் என் விண்ணப்பத்தை எடுத்துவரச் சொன்னார். 'பேசவும்' என்ற சொல்லின் மேல் சிவப்பு மசியில் ஒரு கோடு போட்டார். அதே பேனாவால் டாக்டர் சர்டிபிகேட்டின் குறுக்கே எழுதி, பேட்டையிலிருந்து கன்னடக்காரர் ஒருவரை வரவழைத்து அவனைத் திரும்ப விசாரித்தார். சிக்கண்ணாவை அன்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, நகல் எடுக்கும் மேஜைக்கு அனுப்பினார்கள். மற்றவர் எழுதியதை எழுத்துப் பிசகாமல் எழுதுகிற வேலை. அதில் என்னால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று துரை நினைத்திருக்கலாம். சிரஸ்தார் அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை.

அண்ணனுக்கு இன்று பதில் எழுதிவிட்டேன். வேலூர் இடம் போனால் போகட்டும். ஒரு பெண் 'மாடுவேன்' என்று சொன்னால் அவள் சமைப்பாள் என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒரு தடவை திரும்பக் கேட்டால் போதும். அதைக் கேட்கத் தோன்றாத வீட்டில் என் பெண் வாழ வேண்டாம். கமலத்துக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அலமேலுவிடம்கூட அதை நான் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் சிக்கண்ணாவைக் கொண்டித் தொட்டிக்கு நான்தான் அழைத்துப்போனேன். கையில் அவனுடைய சாமான் இருந்தது. ஆஸ்பத்திரியில் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். 'கயிறு ஒன்று' என்று ரசீது. தொட்டிக்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கேட்பாரில்லாத மாட்டைப் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்க விதி கிடையாதாம். வெள்ளிக்கிழமை காலையில் ஏலத்தில் போய்விட்டது. எடுத்தவர் மாட்டுத் தரகர், எந்த ஊரோ. அதாவது என் பெண் என் முன்னால் கை கட்டி நின்ற அதே வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நான் தண்ணீர் குடித்தது என்று சொன்ன மாடு அப்போது அங்கே இல்லவே இல்லை.

சிக்கண்ணா காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மாடு செத்தது அவன் விதி. இன்னொன்று போனது என்னால். மன்னிப்புக் கேட்பதற்குப் புத்தகத்தில் நீளமான வாக்கியம் ஒன்று இருந்தது, அது நினைவுக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "தப்பு நந்து" என்றேன். தப்பு என்னுடையது.

அவன் மூக்கணாங்கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான். என் முகத்தை நேராகப் பார்த்தான். கச்சேரியில் நின்றபோதும் கம்பிக்குப் பின்னால் நின்றபோதும் அவன் அப்படிப் பார்த்ததில்லை. கையைக் கட்டிக்கொள்ளவும் இல்லை.

"இல்ல புத்தி" என்றான்.

இல்லை ஐயா, உங்கள் தப்பு இல்லை என்று சொன்னானா, உனக்குத்தான் புத்தி இல்லை என்று சொன்னானா? அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆகையால் முதல் அர்த்தம்தான். ஆனால் எனக்குத் தமிழ் தெரியும். அவன் ஊருக்குப் போகிற ஆனேக்கல் சாலையில் அவன் தனியாக நடந்து மறைகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.